நானோஃபாசில் இனம் பிடிபடாதபோது: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

நுண்ணோக்கியில் ஸ்லைடை வைத்து, எண்ணெய் விட்டு, 1000 மடங்கில் பார்க்கிறீர்கள். பொட்டுப் பொட்டாக நூற்றுக்கணக்கில் ஏதேதோ மினுங்குகிறது. பக்கத்தில் படத்தொகுப்பு திறந்திருக்கிறது. ஆனால் இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. "எனக்கு இன்னும் இனங்கள் பழகவில்லை" என்று இந்த இடத்தில் சோர்ந்துபோகிறவர்கள் நிறைய. பல நேரம் குறை அவர்கள் அறிவில் இருப்பதில்லை. ஒளியில் இருக்கும், ஸ்லைடில் இருக்கும், புதைபடிவம் கெட்டுப்போன விதத்தில் இருக்கும், இல்லையென்றால் அது படுத்திருக்கும் திசையில் இருக்கும். இவை நான்கையும் பார்த்து முடித்த பிறகுதான் இனப்பெயர் பற்றிய கேள்வியே எழ வேண்டும். இந்த வரிசையைத் தலைகீழாக்குவதால்தான் தவறான பெயர்கள் பதிவேட்டில் ஏறுகின்றன என்பது நாள் முழுக்க இந்த லென்ஸின் முன் உட்கார்ந்திருப்பவனாக எனக்கு உறுதியாகத் தெரியும்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு சிறு அறிமுகம். சுண்ணாம்பு நானோபிளாங்க்டன் என்பவை கடலின் மேல்மட்டத்தில் மிதந்து வாழும் ஒற்றைச்செல் பாசிகள். செல்லைச் சுற்றி அவை கால்சைட் (கால்சியம் கார்பனேட் படிகம்) தட்டுகளை அடுக்கிக்கொள்கின்றன. அந்தத் தட்டுதான் காக்கோலித். பாசி செத்த பிறகு தட்டுகள் உதிர்ந்து கடலடியில் படிகின்றன. பெரும்பாலானவை 2 முதல் 20 மைக்ரான் வரை இருக்கும். இவற்றோடு கூடவே கிடைக்கும் டிஸ்கோஆஸ்டர், ஸ்பீனோலித், நானோகோனஸ் போன்ற, தட்டு வடிவமே இல்லாத உருவங்களையும் சேர்த்து நானோஃபாசில் என்கிறோம். போலரைசர் என்பது மாதிரிக்குக் கீழேயும் அனலைசர் என்பது மேலேயும் இருக்கும், ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் வடிகட்டிகள். கீழே "சாதா ஒளி" என்று சொல்வது அனலைசர் இல்லாமல் பார்ப்பதை, "குறுக்கு ஒளி" என்பது போலரைசரும் அனலைசரும் ஒன்றுக்கொன்று 90 பாகையில் இருக்கும்போது பார்ப்பதை.

எதுவுமே கூர்மையாகத் தெரியவில்லை

முதலில் ஸ்லைடு தலைகீழாக இருக்கிறதா என்று பாருங்கள். சின்ன விஷயம்தான், ஆனால் யாருக்கும் நடக்கும். 100 மடங்கு எண்ணெய் லென்ஸின் வேலைத்தூரம் மிகக் குறைவு. ஒரு மில்லிமீட்டர் கனமான ஸ்லைடு கண்ணாடியைத் தாண்டி அதனால் எட்ட முடியாது. கவர் கிளாஸ் மேல்பக்கம் இருந்தாக வேண்டும்.

அது சரியாக இருந்தால் கவர் கிளாஸின் கனத்தைக் கவனியுங்கள். லென்ஸ்கள் 0.17 மில்லிமீட்டருக்கு வடிவமைக்கப்பட்டவை. கவர் கிளாஸ் சரியான கனத்தில் இருந்தாலும், அதற்கும் மாதிரிக்கும் நடுவே பசை தடிமனாகத் தேங்கினால் அதே மங்கல் வரும். அதனால்தான் மண்ணை ஸ்லைடில் பூசாமல் கவர் கிளாஸில் பூசி, அதைக் கவிழ்த்து ஒட்டுகிறோம். அப்போது புதைபடிவம் கண்ணாடியை ஒட்டியே இருக்கும், பசை எவ்வளவு தடித்தாலும் நடுவில் வராது.

அப்புறம் எண்ணெய்க்குள் காற்றுக்குமிழி. ஒரு கண்வில்லையைக் கழற்றிக் குழாய்க்குள் எட்டிப் பாருங்கள். லென்ஸின் பின்பக்கம் வட்டமாக ஒளி தெரியும். அதில் ஒரு கறுத்த வளையம் நின்றால் குமிழி இருக்கிறது. துடைத்துவிட்டுப் புதிய எண்ணெய் விடுங்கள்.

குறுக்கு ஒளியில் பின்புலம் சாம்பலாக இருக்கிறது

ஸ்லைடை எடுத்துவிட்டுப் பாருங்கள். வெறும் ஒளியிலும் சாம்பல் என்றால் போலரைசர் நகர்ந்திருக்கிறது. அதை மெல்லத் திருப்பி, மிக அதிகமாக இருட்டும் இடத்தில் நிறுத்துங்கள். ஸ்லைடை வைத்தால் மட்டும் சாம்பலாகிறது என்றால் கவர் கிளாஸ் பிளாஸ்டிக்காக இருக்கலாம். பிளாஸ்டிக் தானாகவே ஒளியைத் திருப்பும். இரண்டும் இல்லையென்றால் லென்ஸ் கண்ணாடியிலேயே இறுக்கம் இருக்கிறது. முனைவாக்க ஒளிக்கென்று செய்த லென்ஸ் தேவைப்படும். இதைச் சரிசெய்யாமல் மேலே போகாதீர்கள். 2 மைக்ரான் காக்கோலித்தின் வெளிறிய சாம்பல் மின்னலை இந்தச் சாம்பல் பின்புலம் விழுங்கிவிடும். ஸ்லைடில் சிறியவை இல்லை என்று எழுதிவிடுவீர்கள், அவை அங்கேயே இருக்கும்.

சாதா ஒளியில் இருந்த உருவம் குறுக்கு ஒளியில் காணாமல் போகிறது

இங்கே கொஞ்சம் நின்று நிதானமாகப் போவோம். இது பிழையே இல்லை. இந்தத் துறையில் நமக்குக் கிடைக்கும் மிக நல்ல தகவல் இதுதான்.

கால்சைட்டில் ஒளி ஒரு குறிப்பிட்ட அச்சு வழியாகச் சென்றால் அது இரண்டாகப் பிரியாது. அந்த அச்சு நம் கண்ணை நோக்கி நேராக நின்றால், குறுக்கு ஒளியில் அந்தக் கால்சைட் இருண்டே இருக்கும். ஸ்டேஜை (ஸ்லைடு வைக்கும் சுழலும் மேடையை) எத்தனை பாகை திருப்பினாலும் மாறாது. அச்சு படுத்திருந்தால் பளிச்சிடும். ஒவ்வொரு குடும்பமும் தன் படிகங்களை எந்தத் திசையில் வளர்க்கிறது என்பது தலைமுறை தலைமுறையாக மாறாமல் வருகிறது. ஆகவே எது ஒளிர்கிறது, எது இருள்கிறது என்பதே குடும்பத்தைச் சொல்லிவிடும்.

டிஸ்கோஆஸ்டர் நட்சத்திரம் போலத் தட்டையாகப் படுத்திருக்கும். அதன் அச்சு செங்குத்து. குறுக்கு ஒளியில் மறைந்துவிடும். எனவே குறுக்கு ஒளியிலேயே ஸ்லைடு முழுவதையும் ஓட்டிப் பார்க்கும் பழக்கம் உள்ளவருக்கு டிஸ்கோஆஸ்டர் கண்ணில் படவே படாது. "இந்த மாதிரியில் டிஸ்கோஆஸ்டர் இல்லை" என்று எழுதும் முன், அதே தடத்தில் சாதா ஒளியில் இன்னொரு முறை போய்வாருங்கள்.

குதிரை லாட வடிவத்தில் ஒன்று கிடைத்தால் அது இன்னும் அழகான உதாரணம். அமாரோலிதஸும் செரட்டோலிதஸும் சாதா ஒளியில் அண்ணன் தம்பி போல இருக்கும். குறுக்கு ஒளிக்கு மாற்றுங்கள். அமாரோலிதஸ் இருண்டுபோகும், செரட்டோலிதஸ் பளீரென்று எரியும். ஒரு நெம்புகோலைத் தள்ளுவதிலேயே இரண்டு பேரினங்களும் பிரிந்துவிடுகின்றன.

சில உருவங்களில் பாதி மட்டும் மறையும். காக்கோலிதஸ் பெலாஜிகஸ் இரண்டு தட்டுகளைப் பொத்தான் போலச் சேர்த்துவைத்த அமைப்பு. வெளித்தட்டின் படிகங்கள் செங்குத்து அச்சுடையவை, உள்தட்டின் படிகங்கள் ஆரம் வழியாகப் படுத்தவை. குறுக்கு ஒளியில் வெளி விளிம்பு மங்கிப்போய், சிறிய உள்தட்டு மட்டும் பிரகாசமாக நிற்கும். ஆகவே அதன் முழு அளவைக் குறுக்கு ஒளியில் அளந்தால் குறைவாகத்தான் வரும். ரெட்டிகுலோஃபெனஸ்ட்ரா குடும்பத்தில் இரண்டு தட்டுகளுமே ஒளிரும். நீள்வட்டமான இரண்டு தட்டுகளை எதிரெதிரே வைத்து "இது எது, அது எது" என்று தவிக்கும்போது, விளிம்பு ஒளிர்கிறதா என்ற ஒரே கேள்வி பாதி வேலையை முடித்துவிடும்.

சரி, மறைவதெல்லாம் கால்சைட்தானா? இல்லை. டயாட்டம் போன்ற சிலிக்கா ஓடுகளும் குறுக்கு ஒளியில் இருண்டே இருக்கும். உடைந்த சிலிக்காத் துண்டை டிஸ்கோஆஸ்டரின் கை என்று நினைப்பது எளிது. பிரித்தறிய பெக்கே கோடு, அதாவது உருவத்தின் விளிம்பில் தெரியும் ஒளிக்கோடு, உதவும். ஸ்லைடு ஒட்டும் நார்லேண்ட் 61 பசையின் ஒளிவிலகல் எண் 1.56. படுத்த டிஸ்கோஆஸ்டர் காட்டுவது 1.66. சிலிக்கா ஓடு பசையைவிடக் குறைவு. சாதா ஒளியில் கண்டென்சர் (ஸ்லைடுக்குக் கீழே ஒளியைக் குவிக்கும் லென்ஸ்) திறப்பைச் சற்றுக் குறுக்கி, லென்ஸுக்கும் ஸ்லைடுக்கும் உள்ள தூரத்தை இம்மியளவு கூட்டுங்கள். விளிம்பில் உள்ள ஒளிக்கோடு உருவத்துக்குள்ளே நகர்ந்தால் கால்சைட், வெளியே நகர்ந்தால் சிலிக்கா. கை பழகிவிட்டால் இதற்கு இரண்டு விநாடிகூட ஆகாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆழம் குறைந்த கடல் மண்ணில் நட்சத்திரம் போன்ற அசிடியன் (ஒரு கடல்வாழ் உயிரி) முட்கள் வரும். இவை அரகோனைட், கால்சியம் கார்பனேட்டின் இன்னொரு படிக வடிவம். தட்டையாக இல்லாமல் முள்ளுருண்டை போலக் கனமாக இருக்கும், குறுக்கு ஒளியிலும் பளபளக்கும். நட்சத்திரம் ஒளிர்ந்தால் டிஸ்கோஆஸ்டர் என்று எழுதும் முன் நிதானியுங்கள்.

வட்டமான எல்லாவற்றிலும் ஒரே கறுப்புச் சிலுவை

ஒருமுறை எனக்கு வந்த ஒரு தொகுதி ஸ்லைடுகளில், வழுவழுப்பான வட்டங்கள் நிறையத் தெரிந்தன. குறுக்கு ஒளியில் ஒவ்வொன்றின் நடுவிலும் நேர்த்தியான கறுப்புச் சிலுவை. 10 மைக்ரான், 15 மைக்ரான் அளவு. பதினைந்து ஸ்லைடுகள் வரை பட்டியலில் ஏதோ ஒரு வட்டப் பேரினத்தின் கீழ் எண்ணிக்கொண்டே போனேன். பாறையின் வயது மாறிக்கொண்டே போனது, இந்த வட்டங்கள் மட்டும் மாறவே இல்லை. அதுதான் உறுத்தியது. சாதா ஒளிக்கு மாற்றினால் வட்டம் இருப்பதே சரியாகத் தெரியவில்லை. விளிம்புத் தட்டு இல்லை, படிகக் கோடுகள் இல்லை, நடுத்துளை இல்லை. அது ஸ்டார்ச். கையுறைக்குள் தூவியிருந்த மாவுத்தூள் மாதிரியில் விழுந்திருந்தது.

ஸ்டார்ச்சையும் காக்கோலித்தையும் பிரிக்க, குறுக்கு ஒளியின் பாதையில் செருகும் ஜிப்சம் தகடு போதும். ஆரம் வழியாகப் படிகம் அடுக்கிய காக்கோலித்திலும் சிலுவை வரும், ஸ்டார்ச்சிலும் வரும். ஆனால் தகட்டைச் செருகியதும் நான்கு கால்வட்டங்களில் இரண்டு நீலமாகும், இரண்டு மஞ்சளாகும். எந்த இரண்டு எந்த நிறம் என்பதில் இவை நேர் எதிர். உங்கள் தகட்டின் மெதுவான திசை (ஒளி மெதுவாகச் செல்லும் அதிர்வுத் திசை) வடகிழக்கு தென்மேற்காக இருந்தால், ஸ்டார்ச்சில் அந்த இரண்டு கால்வட்டங்களும் நீலம், ஆரப்படிகக் காக்கோலித்தில் அதே இடம் மஞ்சள். உங்கள் தகடு எந்தத் திசை என்று சந்தேகமிருந்தால், வேண்டுமென்றே ஒரு சிட்டிகை ஸ்டார்ச்சை வைத்து ஒரு ஸ்லைடு செய்து பெட்டியில் போட்டுவையுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க நிரந்தரமாக உதவும்.

உயிரா கனிமமா என்ற குழப்பம் இந்தத் துறை பிறந்தபோதே இருந்தது. 1836இல் சாக் பாறையில் இவற்றைப் பார்த்த ஜெர்மானிய இயற்கையியலாளர் எரன்பர்க், உயிரற்ற கனிம வடிவங்கள் என்றே கருதினார். காக்கோலித் என்ற பெயரே 1858இல் ஆங்கிலேய உயிரியலாளர் ஹக்ஸ்லி வைத்ததுதான். இன்றும் சுண்ணாம்புத் துகள், டோலமைட் சாய்சதுரம் எல்லாம் புதியவர்களை ஏமாற்றும். என் அளவுகோல் ஒன்றுதான்: படிகங்கள் ஒரு ஒழுங்கில், எண்ணிக்கையில், வட்டமாகவோ நீள்வட்டமாகவோ அடுக்கப்பட்டிருக்கின்றனவா? பிரெடிஸ்கோஸ்பேராவின் விளிம்பில் 16 படிகங்கள் இருக்கும், பிராருடோஸ்பேராவில் ஐந்து துண்டுகள் சேர்ந்து ஐங்கோணமாகும். வெறும் கனிமம் இப்படி எண்ணி அடுக்காது.

நடுவில் இருப்பது குறுக்குக் கம்பியா, கறுப்பு நிழலா

நீள்வட்டக் காக்கோலித்தின் நடுவில் ஏதோ குறுக்கே ஓடுகிறது. அது உண்மையான கால்சைட் கம்பியா, குறுக்கு ஒளியால் விழும் கறுப்புப் பட்டையா? ஸ்டேஜைத் திருப்புங்கள். கம்பி என்றால் புதைபடிவத்தோடு சேர்ந்து சுற்றும். நிழல் என்றால் போலரைசரின் திசையைப் பற்றிக்கொண்டு ஏறக்குறைய இருந்த இடத்திலேயே நிற்கும், வளைவு மட்டும் சற்று மாறும். எல்லா உருவத்துக்கும் இதைச் செய்யச் சொல்கிறேன். திருப்பாமல் எழுதிய பெயரை நான் பெயராகவே எடுத்துக்கொள்வதில்லை.

கம்பிதான் என்று உறுதியானதும் நீள்வட்டத்தின் நீள அச்சைக் கண்வில்லையில் தெரியும் குறுக்குக் கோட்டோடு ஒன்றாக்குங்கள். சிலுவை அச்சுகளின் மேலேயே விழுந்தால் கூட்டல் குறி, அச்சுகளுக்கு நடுவே விழுந்தால் பெருக்கல் குறி. பேலியோசீன் காலத்து மாதிரியில் கூட்டல் குறி குரூசிபிளாக்கோலிதஸ் பக்கம் கொண்டுபோகும், பெருக்கல் குறி கயாஸ்மோலிதஸ் பக்கம். அதற்கு முந்தைய கிரிட்டேசியஸ் காலத்தில் ஐஃபெல்லிதஸ் பேரினத்துக்குள்ளேயே இந்த வேறுபாடு வருகிறது: ஐஃபெல்லிதஸ் டுரிசைஃபெலியில் சிலுவை பெருக்கல் குறி, ஐஃபெல்லிதஸ் எக்ஸிமியஸில் அச்சுகளை ஒட்டிய கூட்டல் குறி. ஸ்டேஜின் மையம் சரியாக இல்லையென்றால் திருப்பும்போது உருவம் பார்வையை விட்டே ஓடிவிடும். அதைத் துரத்திக்கொண்டு போகாமல், லென்ஸின் மையத் திருகுகளை முதலில் சரிசெய்யுங்கள்.

கூம்பு வடிவ ஸ்பீனோலித் விஷயத்தில் திருப்புவது இன்னும் கட்டாயம். கூம்பின் நுனி முள் போலரைசரோடு 0 பாகையில் ஒரு மாதிரியும் 45 பாகையில் வேறு மாதிரியும் தெரியும். இரண்டு நிலையிலும் படம் எடுத்துவிட்டு இனப்பெயர் எழுதுங்கள். ஒரே படத்தை வைத்துக்கொண்டு ஸ்பீனோலிதஸ் இனம் கேட்டு அனுப்புகிறவர்களுக்கு நேர்மையான பதில் பேரினத்தோடு நின்றுவிடும்.

வலமும் இடமும் மாறி வருகிறது

காக்கோலித் எந்தப் பக்கம் மேலாக விழுந்திருக்கிறது என்று பாருங்கள். கெஃபிரோகாப்சாவின் நடுத்துளைக்குக் குறுக்கே ஓடும் பாலம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது புரட்டிப்போட்டால் கண்ணாடிப் பிம்பம் போல மாறிவிடும். வெளிப்பக்கம் குவிந்திருக்கும். அது மேலாக இருந்தால், மேலிருந்து குவியத்தை இறக்கும்போது நடுப்பகுதி முதலில் கூர்மையாகும், விளிம்பு பிறகு. கேமரா படத்தைத் திருப்பிக் காட்டுகிறதா என்பதையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். ஸ்லைடின் லேபிள் எழுத்தைப் படம் பிடித்தாலே தெரிந்துவிடும்.

ஒரே இனம், இரண்டு பேர், இரண்டு அளவு

நானோஃபாசிலில் பல பெயர்கள் அளவை வைத்தே பிரிகின்றன. ரெட்டிகுலோஃபெனஸ்ட்ராவில் 3 மைக்ரானுக்குக் கீழே என்றால் மினுட்டா, 7 மைக்ரானுக்கு மேலே என்றால் சூடோஅம்பிலிகஸ் என்று அளந்துதான் எழுதுகிறோம். கெஃபிரோகாப்சாவிலும் 4, 5.5 மைக்ரான் என்ற கோடுகள் உண்டு. அரை மைக்ரான் தவறினால் பெயரே மாறும்.

பெரும்பாலும் குற்றவாளி, நுண்ணோக்கியின் உடற்பகுதியில் இருக்கும் 1.25 மடங்கு உருப்பெருக்க மாற்றி. முந்தையவர் படம் எடுக்க அதைத் திருப்பிவிட்டுப் போயிருப்பார். நீங்கள் கவனிக்காமல் கண்வில்லை அளவுகோலில் படிக்கிறீர்கள். 6 மைக்ரான் காக்கோலித் 7.5 என்று வருகிறது. சூடோஅம்பிலிகஸின் பெரிய வடிவம் சுமார் 37 லட்சம் ஆண்டுகளுக்கு முன் மறைந்தது என்பதை வைத்து அடுக்குகளின் வயதைச் சொல்கிறோம். அது மறைந்த பிறகு படிந்த அடுக்கில், வெறும் 6 மைக்ரான் உருவங்களுக்கு அந்தப் பெயரைக் கொடுத்துவிட்டால் அந்த எல்லை எங்கேயோ போய் நிற்கும். ஒரு திருகு செய்யும் வேலை இது.

நாள் தொடங்கும்போது 0.01 மில்லிமீட்டர் கோடு போட்ட அளவீட்டு ஸ்லைடை வைத்துச் சரிபாருங்கள். அளக்கும்போது சாதா ஒளியில், நீள அச்சில், வெளித்தட்டின் விளிம்பிலிருந்து விளிம்பு வரை அளங்கள். எல்லைக்கோட்டின் மேலேயே நிற்கும் உருவங்கள் கூட்டமாக வந்தால், ஒன்றிரண்டை வைத்து முடிவு கட்டாமல் ஐம்பதையாவது அளந்து பரவலைப் பாருங்கள்.

3 மைக்ரானுக்குக் கீழே எல்லாம் ஒன்றுபோல் இருக்கின்றன

இது உங்கள் கண்ணின் குறை இல்லை, ஒளியின் எல்லை. என்.ஏ. (லென்ஸ் ஒளியைத் திரட்டும் திறனைக் குறிக்கும் எண்) 1.25 உள்ள லென்ஸில், 550 நானோமீட்டர் பச்சை ஒளியில், பிரித்துக் காட்டும் திறன் கணக்குப்படி சுமார் 0.27 மைக்ரான். எமிலியானியா ஹக்ஸ்லெயியின் தட்டில் டி வடிவக் கம்பிகளுக்கு இடையே இருக்கும் பிளவுகள் அதைவிட நுண்ணியவை. அவை எலக்ட்ரான் நுண்ணோக்கியில்தான் தெளிவாகும். ஒளி நுண்ணோக்கியில் பாலம் இழந்த சின்னக் கெஃபிரோகாப்சாவும் அதுவும் கலந்தே நிற்கும்.

ஆகவே "சின்ன ரெட்டிகுலோஃபெனஸ்ட்ரிட்" என்று ஒரு கூட்டு வகை வைத்து எண்ணுங்கள். வெட்கப்பட வேண்டியதில்லை. நானோஃபாசிலை வைத்து அடுக்குகளின் வயதைப் பிரிக்கும் மண்டலங்களில் என்என் 21 மண்டலத்தின் தொடக்கமே எமிலியானியா ஹக்ஸ்லெயியின் முதல் தோற்றம், சுமார் 2.9 லட்சம் ஆண்டுகளுக்கு முன். அந்த எல்லையைச் சொல்ல வேண்டிய மாதிரி என்றால் எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு அனுப்புங்கள். மற்ற மாதிரிகளுக்குக் கூட்டு வகையே போதும்.

நடுப்பகுதி ஓட்டையாக இருக்கிறது, இல்லையென்றால் கைகள் பெருத்திருக்கின்றன

முதலாவது கரைந்ததால், இரண்டாவது மேல்வளர்ச்சியால். ஒரே மாதிரியில் இரண்டும் சேர்ந்தே நடக்கும்: சிறியதும் மெல்லியதும் கரையும், கரைந்த கால்சைட் பெரியதன் மேல் போய்ப் படியும்.

கரைந்தபோது நடுக்கம்பி, வலை, பாலம் முதலில் போகும். விளிம்பு நிற்கும். கயாஸ்மோலிதஸின் சிலுவை உதிர்ந்தால் வெற்று வளையம் மிஞ்சும். அதை வேறொரு திறந்த நடுப்பகுதிப் பேரினம் என்று எழுதிவிடுவார்கள். விளிம்பின் உட்பக்கத்தைக் குறுக்கு ஒளியில் பாருங்கள். கம்பி ஒட்டியிருந்த இடத்தில் சின்ன முளைகள் பெரும்பாலும் மிஞ்சியிருக்கும். நான்கு முளைகள், நீள அச்சுக்குச் சாய்வாக இருந்தால் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது. முளையும் இல்லையென்றால் பேரினத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மேல்வளர்ச்சி டிஸ்கோஆஸ்டரைத்தான் அதிகம் பாதிக்கிறது. நீண்டு மெலிந்த கைகள் தடித்து, நுனியின் பிளவு அடைபட்டு, நடுக்குமிழ் மறைந்துபோகும். இனத்தைப் பிரிக்கும் அடையாளங்கள் எல்லாம் நுனியிலும் குமிழிலும்தான் இருக்கின்றன என்பதுதான் வருத்தம். கைகளின் எண்ணிக்கை, அவற்றுக்கிடையே உள்ள கோணம் இரண்டும் மேல்வளர்ச்சியால் அவ்வளவாக மாறுவதில்லை. ஆகவே அவற்றைப் பதிவு செய்யுங்கள். அதே ஸ்லைடில் ஒன்றிரண்டு டிஸ்கோஆஸ்டராவது மெலிந்து தப்பியிருக்கும். ஸ்லைடு முழுக்கத் தேடி அவற்றைக் கண்டுபிடித்துவிட்டு, பிறகு பெருத்தவற்றை அவற்றோடு வைத்து ஒப்பிடுங்கள்.

கிரிட்டேசியஸில் வாட்ஸ்னாரியா பார்னெசியே தாங்கும் திறன் மிக்கது. மற்றவை கரைந்துபோன பிறகும் அது நிற்கும். ஒரு மாதிரியின் நானோஃபாசில் தொகுதியில் அது 40 சதவீதத்தைத் தாண்டினால் அந்தத் தொகுதி கரைதலால் சிதைந்திருக்கலாம் என்று எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. இதை மாற்றமுடியாத விதியாக நான் பிடித்துக்கொள்வதில்லை. ஆனால் அந்த எண்ணைத் தாண்டியதும், அக்காலக் கடலின் வளம் பற்றி எழுதும் பேனாவைக் கீழே வைத்துவிடுவேன்.

சில நேரம் கரைத்தவர் நாமே. காய்ச்சி வடித்த நீர் காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடை உறிஞ்சிச் சற்றுப் புளிப்பாகிவிடும். ஓரிரு துளி அமோனியா சேர்த்துக் காரமாக்கிய நீரைப் பயன்படுத்துங்கள். மண் பிரியவில்லை என்று அல்ட்ராசவுண்டில் நிமிடக்கணக்கில் வைக்காதீர்கள். சில விநாடிகள் போதும். நீண்ட முட்கள் உடைவது அங்கேதான்.

ஸ்லைடில் ஒன்றுமே இல்லை

பாறையின் மேல் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு துளி விடுங்கள். நுரைக்கவில்லையென்றால் கால்சைட் இல்லை, தேடுவதில் பயனும் குறைவு. நுரைத்தும் ஒன்றும் தெரியவில்லையென்றால் ஸ்லைடு மிக அடர்த்தியாக இருக்கிறதா என்று பாருங்கள். களிமண் கட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் காக்கோலித் எல்லாம் அடியில் புதைந்துபோகும். கடுகளவு மண்ணைப் பாறையின் புதிய முகத்திலிருந்து சுரண்டி, ஒரு சொட்டு நீரில் குழைத்து, பல்குச்சியால் ஒரே அடுக்காகப் பரப்புங்கள். நன்றாக உலர்ந்த பிறகே பசை. ஈரம் மிஞ்சினால் பால்போல் மங்கும்.

பல ஆண்டு பெட்டியில் கிடந்த கறுப்புக் களிமண் என்றால் வேறொரு காரணமும் இருக்கலாம். அதிலுள்ள பைரைட் காற்றுபட்டு ஆக்சிஜனேற்றம் அடைந்தால் கந்தக அமிலம் உண்டாகும். எடுத்த அன்று நிறைந்திருந்த மாதிரி, பெட்டிக்குள்ளேயே வெறுமையாகிவிடும். மேற்பரப்பில் ஜிப்சம் ஊசிகளோ மஞ்சள் பூச்சோ தெரிந்தால், கட்டியை உடைத்து உட்புறத்திலிருந்து எடுங்கள்.

"இந்த இனம் இங்கே இல்லை" என்று சொல்ல எத்தனை எண்ண வேண்டும்? தொகுதியில் 1 சதவீதம் இருக்கும் இனத்தை 95 சதவீத நிச்சயத்தோடு ஒன்றையாவது பார்க்க, ஏறக்குறைய 300 உருவங்களை எண்ண வேண்டும். 100 எண்ணிவிட்டு நிறுத்தினால் அதே நிச்சயம் 3 சதவீதம் இருக்கும் இனத்துக்குத்தான் பொருந்தும். மண்டல எல்லையைக் காட்டும் இனம் அரிதாகத்தான் இருக்கும். அதற்கு எண்ணிக்கையை நம்பாமல், எண்ணி முடித்ததும் அந்த ஓர் இனத்தை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு ஸ்லைடில் இன்னும் சில தடங்கள் ஓடிப்பாருங்கள்.

எல்லாப் பெயரும் சரி, வயது மட்டும் ஒத்துவரவில்லை

சூடோஎமிலியானியா லக்கூனோசா சுமார் 4.4 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அழிந்துவிட்டது. எமிலியானியா ஹக்ஸ்லெயி வந்தது அதற்குப் பிறகு. இரண்டும் ஒரே ஸ்லைடில் வந்தால் ஒன்று இடம்பெயர்ந்து வந்தது. பழையது வந்திருந்தால் மறுபடிவு: பழைய பாறை அரித்து, அதன் காக்கோலித் இளைய மண்ணில் சேர்ந்திருக்கிறது. அப்படி வந்தவை தனியாக வருவதில்லை. அதே வயதின் மற்ற இனங்களும் ஒன்றிரண்டு கூட வந்திருக்கும், நிறத்திலும் மேல்வளர்ச்சியிலும் மற்றவற்றிலிருந்து மாறுபட்டிருக்கும். அவற்றைத் தனிப் பட்டியலில் எழுதுங்கள்.

இளையது வந்திருந்தால், துளையிட்ட கிணற்றின் தூள் மாதிரியா என்று கேளுங்கள். மேலடுக்கிலிருந்து சரிந்து விழுந்த தூள் கீழே கலந்துவிடும். அதனால் தூள் மாதிரிகளில் ஓர் இனத்தின் முதல் தோற்றத்தை நம்ப முடியாது. மேலிருந்து கீழே போகும்போது ஓர் இனம் முதலில் கண்ணில் படும் இடத்தை, அதாவது அதன் அழிவை, வைத்துத்தான் எல்லை போட வேண்டும். டிஸ்கோஆஸ்டர் புரோவேரி சுமார் 19 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அந்தப் பேரினத்தோடேயே முடிந்துபோனது. கிணற்றில் இறங்கும்போது அது முதலில் தலைகாட்டும் ஆழம், சரிந்து விழுந்த தூளையும் மீறி ஓரளவு நம்பத்தக்கது. அதற்கு மேலே எங்காவது ஒன்று மட்டும் தென்பட்டால் மறுபடிவா என்று முதலில் பாருங்கள்.

பாறையும் சரி, கிணறும் சரி என்றால் மேசையைப் பாருங்கள். ஒரே பல்குச்சியை இரண்டு மாதிரிக்குப் பயன்படுத்தினோமா, சுரண்டிய கத்தியைத் துடைத்தோமா, பசைக்குப்பியின் நுனி முந்தைய மாதிரியைத் தொட்டதா? இதற்கு நான் செய்வது, ஒவ்வொரு தொகுதியிலும் மண்ணே போடாமல் அதே நீர், அதே குச்சி, அதே பசையோடு ஒரு ஸ்லைடு. மாதிரிகளைத் தொடும் முன் அதைத்தான் 1000 மடங்கில் முழுதாக ஓட்டிப் பார்க்கிறேன். அதில் ஒரு காக்கோலித் தெரிந்தாலும் அந்தத் தொகுதி முழுவதையும் மறுபடியும் செய்கிறேன்.